முதலில் கற்பிக்க வேண்டிய சொல் ‘வேண்டாம்’

‘என்னைப் பார்!’ - ஆட்டிசம் உள்ள என் மகளுக்குக் கற்பிக்கப்பட்ட முதல் கட்டளை இதுதான். அப்போது அவளுக்கு மூன்றரை வயது. சென்னையில் உள்ள ஒரு தெரபி மையத்தின் சிறிய அறை. நடுவில் ஒரு மேசை, எதிரெதிரே இரண்டு நாற்காலிகள். பயிற்சியாளர் ‘என்னைப் பார்’ என்பார். அவள் பார்த்தால், சிறு சிப்ஸ் துண்டு ஒன்று கிடைக்கும். பார்க்காவிட்டால், முகவாயைப் பிடித்துத் திருப்புவார். ஒரே அமர்வில் பல பத்து முறை இது நடக்கும். ஒவ்வொரு முறைக்கும் ஒரு தாளில் கூட்டல் குறியோ கழித்தல் குறியோ இடப்படும். மூன்று மாதங்களுக்குப் பிறகு, ‘கண் பார்த்தல்: 90 சதவீதத் தேர்ச்சி’ என்று அறிக்கை கொடுத்தார்கள். முதல் மதிப்பெண் பட்டியலைப் போல அதைப் பத்திரமாக எடுத்துவைத்தேன்.

அதற்குச் சில மாதங்கள் கழித்து, எழும்பூர் ரயில் நிலையத்தில் வண்டிக்காகக் காத்திருந்தோம். முன்பின் அறியாத ஒருவர் புன்னகையுடன், ‘இங்கே வா பாப்பா, என்னைப் பாரு’ என்று அழைத்தார். என் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டு அவரருகே போய் நின்ற மகள், அவருடைய கண்களை நேராகப் பார்த்தாள்; பிறகு, பரிசுக்காகக் கையை நீட்டினாள். அவர் நல்ல மனிதர். சிரித்தபடி அவளை என்னிடம் திருப்பி அனுப்பினார். எனக்குத்தான் அன்றிரவு உறக்கம் வரவில்லை. யார் சொன்னாலும் பணிகிற ஒரு குழந்தையை உருவாக்குவதற்கு மாதந்தோறும் பணம் கட்டிக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2021இல் உலகில் 127 பேரில் ஒருவர் ஆட்டிசம் உள்ளவர். நம் ஊர்களில் இந்தக் குழந்தைகளின் பெற்றோர் மருத்துவரின் அறையிலிருந்து வெளியே வந்ததும் கேட்கும் முதல் சொற்களில் ஒன்று ‘ஏபிஏ’. பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வு என்று தமிழில் இதைச் சொல்லலாம். இது ஒன்றே வழி என்கிறது ஒரு தரப்பு. இது குழந்தைகளைப் பழக்கப்படுத்தும் வன்முறை என்கிறது இன்னொரு தரப்பு. இதைச் சொல்பவர்களில், சிறுவயதில் இந்தப் பயிற்சிக்கு உள்ளாகி இன்று பெரியவர்களாகிவிட்ட ஆட்டிசம் உள்ளவர்களும் அடக்கம். இந்த இரண்டு தரப்புக்கும் இடையில் பத்தாண்டுகளாக நின்றுகொண்டிருக்கும் ஒரு தாயாக, எனக்குத் தெரிந்ததை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

ஒரு மூக்குக் கண்ணாடியின் கதை

இந்த முறையின் அடிப்படை எளிமையானது. ஒரு செயலுக்கு முன் என்ன நடந்தது, பின் என்ன கிடைத்தது என்பதைக் கவனித்தால், அச்செயல் ஏன் தொடர்கிறது என்பது விளங்கும். கற்பிக்க வேண்டியதைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் உதவி செய்து, குழந்தை முயன்றதும் பாராட்டி, உதவியைப் படிப்படியாக விலக்கிக்கொண்டால் கடினமான திறன்களையும் கற்பிக்க முடியும். அமெரிக்க உளவியலாளர் பி.எஃப்.ஸ்கின்னரின் ஆய்வுகளிலிருந்து கிளைத்த சிந்தனை இது.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நடந்து, 1964இல் வெளியான ஓர் ஆய்வு இதன் தொடக்கக் கால எடுத்துக்காட்டு. ஆட்டிசம் உள்ள மூன்றரை வயதுச் சிறுவன். கண்புரை அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டவன். மூக்குக் கண்ணாடி அணியாவிட்டால் பார்வை பறிபோகும் என்ற நிலை. அவனோ கண்ணாடியை அருகில் அண்ட விடவில்லை. ஆய்வாளர்கள் வெறும் சட்டகத்தைத் தொடுவதிலிருந்து தொடங்கினார்கள். தொட்டால் பரிசு, எடுத்தால் பரிசு, முகத்தருகே கொண்டுபோனால் பரிசு. கடைசியில் அவன் கண்ணாடி அணியக் கற்றுக்கொண்டான். அவன் அடம்பிடித்தபோது தனியறையில் அடைத்ததும் அதே ஆய்வில் பதிவாகியிருக்கிறது. இந்த முறையின் நன்மையும் அதன் நிழலும் ஒரே சிறுவனின் கதையில் இருக்கின்றன.

தாயின் பாசக் குறைவே ஆட்டிசத்துக்குக் காரணம் என்று அறிஞர்களே எழுதிக்கொண்டிருந்த காலம் அது. குழந்தைகள் காப்பகங்களில் அடைபட்டுக் கிடந்தார்கள். ‘இந்தக் குழந்தையால் கற்க முடியும், நாம்தான் கற்பிக்கும் விதத்தை மாற்ற வேண்டும்’ என்று சொன்னவர்கள் நடத்தையியலாளர்கள். அந்த நன்றிக்கடனை மறுக்க முடியாது.

1987இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இவார் லோவாஸ் வெளியிட்ட ஆய்வு, இந்த முறையை உலகெங்கும் கொண்டுசென்றது. வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல், இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் பிற குழந்தைகளைப் போலவே வழக்கமான வகுப்பில் முதல் வகுப்பை முடித்தார்கள் என்றார் அவர். ‘47 சதவீதம்’ என்ற எண் ஊர் ஊராகப் பரவியது. குழந்தைகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை என்பதும், உரத்த ‘கூடாது’, தேவைப்பட்டால் தொடையில் ஓர் அடி ஆகியவையும் அந்தப் பயிற்சியில் இருந்தன என்பதும் அந்த அளவுக்குப் பரவவில்லை.

பிற்காலத்தில் பெரும்பாலான பயிற்சியாளர்கள் தண்டனையைக் கைவிட்டார்கள். ஆனாலும், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு நிறுவனம் மாணவர்களின் நடத்தையைத் திருத்த மின் அதிர்ச்சிக் கருவியைப் பயன்படுத்திவந்தது. அந்நாட்டின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020இல் அந்தக் கருவிக்குத் தடை விதித்தது. 2021இல் நீதிமன்றம் தடையை நீக்கியது. தடை விதிக்கும் அதிகாரத்தைத் தெளிவாக்க 2022இல் நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. ‘குழந்தையின் நன்மைக்காக’ என்ற சொற்களுக்குப் பின்னால் எதுவெல்லாம் ஒளிந்துகொள்ள முடியும் என்பதற்கு இது சாட்சி.

மணிக்கணக்கு மருந்தல்ல

தெரபி மையங்களில் பெற்றோரிடம் முதலில் பேசப்படுவது மணிக்கணக்கு. வாரத்துக்கு இத்தனை மணி நேரம், மணிக்கு இவ்வளவு ரூபாய். ‘குறைத்தால் குழந்தையின் எதிர்காலம் பாழாகிவிடும்’ என்ற அச்சம் கூடவே கொடுக்கப்படும். நகையை அடகு வைத்தவர்களை நான் அறிவேன். சொந்த ஊரில் இருந்த நிலத்தை விற்றுவிட்டு சென்னையில் வாடகை வீட்டுக்குக் குடிவந்தவர்களையும் அறிவேன்.

ஆய்வுகள் இந்த அச்சத்துக்குத் துணை நிற்கவில்லை. 2020இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, சிறு குழந்தைகளுக்கான பல்வேறு பயிற்சி முறைகளைப் பற்றிய 150 ஆய்வுகளைச் சல்லடையிட்டது. மேசைக்கு முன் அமர்த்திச் செய்யும் பழைய முறைக்கு இருக்கும் ஆதாரம், ஆய்வுத் தரத்தைக் கறாராக்கியபோது மெலிந்துபோனது. விளையாட்டு, சாப்பாடு, குளியல் போன்ற இயல்பான தருணங்களில் குழந்தையின் ஆர்வத்தைப் பின்தொடர்ந்து கற்பிக்கும் புதிய முறைகளுக்குக் கூடுதல் ஆதரவு தெரிந்தது. இவையும் நடத்தையியலின் வழித்தோன்றல்களே. 2021இல் சாலி ரோஜர்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகள் வாரத்துக்கு 15 மணி நேரம், 25 மணி நேரம் என இரு விதமாகப் பிரிக்கப்பட்டுப் பயிற்சி பெற்றார்கள்; ஓராண்டின் முடிவில், ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் மணி நேரத்தால் பெரிய வேறுபாடு விளையவில்லை. 2024இல் 144 ஆய்வுகளை, ஏறத்தாழ 9,000 குழந்தைகளின் தரவுகளை, ஒன்றுசேர்த்துப் பார்த்த மற்றொரு பகுப்பாய்வும், மணி நேரம் கூடக் கூடப் பலனும் கூடும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றே சொன்னது.

பயிற்சியே தேவையில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. எத்தனை மணி நேரம் என்பதைவிட, எதை, எப்படிக் கற்பிக்கிறோம் என்பதே முதன்மையான கேள்வி.

இட்லித் தட்டு சொன்ன செய்தி

ரயில் நிலையச் சம்பவத்துக்குப் பிறகு அந்த மையத்திலிருந்து மகளை விலக்கிக்கொண்டேன். ஓராண்டு எந்தப் பயிற்சியும் இல்லை. அந்த ஓராண்டும் எளிதாக இருக்கவில்லை. காலையில் தட்டை வீசி எறிவாள். தன் கையைத் தானே கடித்துக்கொள்வாள். ‘அவள் அவளாக இருக்கட்டும்’ என்பது அழகான வாசகம்தான். ரத்தம் கசியும் கையோடு நிற்கும் குழந்தைக்கு அது போதவில்லை.

பின்னர் வந்த சிறப்பாசிரியை, முதல் இரண்டு வாரங்கள் எதையும் கற்பிக்கவில்லை. சமையலறை வாசலில் அமர்ந்து எழுதிக்கொண்டே இருந்தார். தட்டு பறப்பதற்கு முன் என்ன நடக்கிறது, பறந்த பின் என்ன நடக்கிறது? இட்லியின் மீது சட்னி ஊற்றப்பட்ட நாள்களில் மட்டுமே தட்டு பறந்தது. பறந்ததும் நான் பதறிப்போய் வெறும் இட்லி வைத்த வேறு தட்டைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மகளின் பக்கத்திலிருந்து பார்த்தால், அவளுக்குத் தெரிந்த ஒரே மொழியில் அவள் சரியாகத்தான் பேசியிருக்கிறாள்.

சட்னிக் கிண்ணத்தின் மேல் சிவப்புக் கோடு போட்ட ஒரு படஅட்டையை ஆசிரியை தயாரித்தார். அதன் பொருள் ‘வேண்டாம்’. முதலில் அவள் கையைப் பிடித்து அட்டையை எடுத்துக்கொடுக்க வைத்தார். அட்டை கைமாறிய கணமே சட்னி அகன்றது. பிறகு முழங்கையை மட்டும் தொட்டார். பிறகு அட்டையைச் சுட்டிக்காட்டினார். சில வாரங்களில் அவளே எடுத்து நீட்டினாள். தட்டு பறப்பது குறைந்து, நின்றும்போனது. அன்று அந்த ஆசிரியை சொன்னதை நான் மறக்கவில்லை: “அம்மா, முதல்ல ‘வேண்டாம்’னு சொல்லக் கத்துக்கட்டும். ‘சரி’ங்கறத அப்புறம் பார்த்துக்கலாம்.”

இதுவும் நடத்தையியல் முறைதான். முன், பின் கவனிப்பு, சிறு படிகள், உதவி, உதவியை விலக்கல், உடனடிப் பலன். முதல் மையத்தில் இருந்த கருவிகள் அனைத்தும் இங்கேயும் இருந்தன. இலக்கு மட்டும் மாறியிருந்தது. எட்வர்டு கார், மார்க் டுராண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1985லேயே இதைக் காட்டிவிட்டார்கள்: உதவியையோ கவனத்தையோ கேட்கும் வழியைக் குழந்தைக்குக் கற்பித்தால், அதே நோக்கத்துக்காக அவர்கள் செய்துவந்த தொந்தரவான நடத்தைகள் குறைகின்றன. 1972இல் வட கரோலினாவில் எரிக் ஷாப்ளர் தொடங்கிய ‘டீச்’ திட்டமும், இன்று என்ன நடக்கும், அடுத்து என்ன என்பதைப் படங்களாக வரிசைப்படுத்திக் குழந்தையின் கண்முன் வைத்தது. அங்கே ஒழுங்கமைப்பு என்பது, குழந்தைக்கு உலகத்தைப் புரியவைப்பதற்கான ஏற்பாடு.

ஒழுங்கமைக்கப்பட்ட கற்பித்தலின் அருமையை எனக்கு இரண்டாம் முறை உணர்த்தியது மகளின் பூப்பு. பதினோரு வயதிலிருந்தே அதற்காக அவளைத் தயார்படுத்தினோம். நாப்கின் மாற்றுவதைப் பன்னிரண்டு படிகளாகப் பிரித்து, குளியலறைச் சுவரில் படங்களாக ஒட்டினோம். கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிக் கற்பித்தோம். இன்று பதின்மூன்று வயதில், கதவைச் சாத்திக்கொண்டு தானே மாற்றிக்கொள்கிறாள். அவளது உடலை வேறொருவர் தொட வேண்டிய தேவை அந்த அளவுக்குக் குறைந்திருக்கிறது. இந்த முறையை ஒட்டுமொத்தமாக நிராகரிப்பவர்களிடம் நான் காட்ட விரும்புவது அந்தச் சாத்திய கதவைத்தான்.

பலகைகளும் சட்டங்களும்

இந்தியாவில் சட்டங்களுக்குக் குறைவில்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைப் பெயர் சொல்லி ஏற்றது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அங்கீகரிக்கப்பட்ட 21 வகைகளில் ஒன்றாக அதைச் சேர்த்தது. கொடூரமான, இழிவுபடுத்தும் நடத்துமுறையிலிருந்து பாதுகாப்பையும் அதன் 6ஆவது பிரிவு வழங்குகிறது. பிறப்பு முதல் 18 வயது வரையிலான குழந்தைகளின் வளர்ச்சித் தாமதங்களைக் கண்டறியும் தேசியத் திட்டம் 2013இல் தொடங்கப்பட்டது; மாவட்டங்களில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் உருவாயின. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்கிவருகிறது.

ஆனால், தெருமுனையில் ‘ஆட்டிசம் தெரபி’ என்று பலகை மாட்டியிருப்பவர் யார்? இந்திய மறுவாழ்வு மன்றம் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சிறப்பாசிரியர்களையும் மருத்துவ உளவியலாளர்களையும் பதிவுசெய்கிறது. நடத்தைப் பகுப்பாய்வாளர் என்ற தொழிலின் பெயர், சுகாதாரம் சார்ந்த தொழில்களுக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில்தான் இடம்பெற்றது. அட்டவணையில் பெயர் இருப்பது வேறு. குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியேறும் ஒரு தாய், உள்ளே இருப்பவரின் தகுதியைச் சரிபார்க்க முடிவது வேறு. சில நாள் இணையவழிப் பயிற்சியில் சான்றிதழ் பெற்றவரும், பல ஆண்டுகள் படித்தவரும் ஒரே மாதிரியான பலகையைத்தான் மாட்டுகிறார்கள்.

பள்ளிகளின் நிலையும் இதுவே. தொடக்க வகுப்புகளில் பத்து மாற்றுத்திறன் மாணவர்களுக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல் வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தை 2021இல் உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டது. தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளுக்குச் செல்லும் சிறப்பாசிரியர்கள் பலர் இன்னமும் தொகுப்பூதியத்தில்தான் பணிபுரிகிறார்கள்; ஒருவரே பல பள்ளிகளைச் சுற்றிவருகிறார். இட்லித் தட்டின் செய்தியைப் படிக்க இரண்டு வாரம் அமர்ந்திருக்கும் அவகாசம் அவர்களுக்கு எங்கே?

நம் அருகிலேயே ஒரு விடை

நிபுணர்கள் போதவில்லை என்பதற்காகக் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளிடம் நடத்தப்பட்ட ஒரு சோதனையின் முடிவு 2016இல் வெளியானது. நிபுணர்கள் அல்லாத உள்ளூர்ப் பணியாளர்கள் பயிற்சி பெற்று, பெற்றோரைச் சந்தித்தார்கள். மொத்தம் 12 சந்திப்புகள். குழந்தையுடன் பெற்றோர் விளையாடுவதைக் காணொளியில் பதிவுசெய்து, குழந்தை விடுக்கும் சிறு சைகைகளை அவர்களுக்கே காட்டினார்கள். பெற்றோர் குழந்தைக்கு இசைந்து பதிலளிப்பது கூடியது. குழந்தைகள் தாமாகத் தொடர்புகொள்ள முன்வருவதும் கூடியது. எல்லா அளவுகோல்களிலும் முன்னேற்றம் தென்பட்டுவிடவில்லை. எனினும், நம்மைப் போன்ற நாடுகளில் இது சாத்தியம் என்பது நிறுவப்பட்டது. உலக சுகாதார நிறுவனமும் ஒன்பது குழு வகுப்புகள், மூன்று வீட்டுச் சந்திப்புகள் கொண்ட பெற்றோர் பயிற்சித் திட்டத்தை உருவாக்கியிருக்கிறது. மாவட்ட இடையீட்டு மையங்களும் அங்கன்வாடிகளும் உள்ள தமிழ்நாட்டுக்கு இதை நடைமுறைப்படுத்துவது எட்டாக்கனி அல்ல. முழுச் சுமையும் தாயின் தலையில் மட்டும் இறங்கிவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

தனியார் மையங்களுக்கும் குறைந்தபட்ச விதிகள் தேவை. பயிற்சி அளிப்பவரின் பதிவு எண், வாசலில் எழுதப்பட்டிருக்க வேண்டும். கற்பிக்கப்போகும் இலக்குகள் பெற்றோருக்குப் புரியும் தமிழில் எழுதித் தரப்பட வேண்டும். ஒவ்வொரு இலக்கும் குழந்தையின் அன்றாட வாழ்வுக்கு எப்படிப் பயன்படும் என்பதும் அதில் இருக்க வேண்டும். பெற்றோர் எந்த நேரத்திலும் உள்ளே வந்து பார்க்கலாம் என்பது உரிமையாக வேண்டும். ‘நீங்கள் இருந்தால் அழுவாள்’ என்று சாத்தப்படும் கதவுகளை அரசு திறக்க வேண்டும். அடிப்பது, கட்டிவைப்பது, உணவை மறுத்துப் பயிற்சியளிப்பது ஆகியவை வெளிப்படையாகத் தடைசெய்யப்பட வேண்டும். பேச்சு வராத குழந்தைக்கு, ‘போதும்’, ‘வேண்டாம்’, ‘உதவி’ ஆகியவற்றைத் தெரிவிக்கும் ஒரு வழியைக் கற்பிப்பதே முதல் இலக்காக வேண்டும். சைகையோ படமோ கைக்கருவியோ, எதுவானாலும் சரி.

கடைசியாகச் சொன்ன விதியைத்தான் நான் முதன்மையானதாகக் கருதுகிறேன். ஊனமுள்ள குழந்தைகள் மற்ற குழந்தைகளைவிடக் கூடுதலாக வன்முறைக்கு இலக்காகிறார்கள். எல்லாக் கட்டளைகளுக்கும் பணியப் பழகிய குழந்தை, பணியக் கூடாத கட்டளைக்கும் பணிந்துவிடும். மறுக்கத் தெரிந்த குழந்தையைக் கையாள்வது பயிற்சியாளருக்குக் கடினமாக இருக்கலாம். அந்தக் கடினம் அவருடைய தொழிலின் பகுதி.

கடந்த மாதம் உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றுக்குப் போயிருந்தோம். நெடுநாள் கழித்துப் பார்த்த பெரியம்மா ஒருவர் ஆசையாக என் மகளின் கன்னத்தைக் கிள்ளக் கையை நீட்டினார். அவள் ஓரடி பின்வாங்கி, கழுத்தில் தொங்கும் அட்டைகளைப் புரட்டி, ஒன்றை உயர்த்திப் பிடித்தாள். சிவப்புக் கோடு போட்ட அட்டை. பெரியம்மாவின் முகம் வாடிவிட்டது. ‘பெரியவங்ககிட்ட எப்படி நடந்துக்கணும்னு சொல்லித் தரலையா?’ என்று கேட்டார். சொல்லித் தந்திருக்கிறோம் பெரியம்மா, அதற்குத்தான் இத்தனை ஆண்டுகள் ஆயின என்று சொல்ல நினைத்தேன். பந்திக்கு அழைத்துவிட்டார்கள். மகளின் இலையில் சாம்பார் ஊற்ற வந்தவரிடமும் அவள் அதே அட்டையைக் காட்டினாள். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தார்.